ஆற்றுப்படுத்தலிற் சமயம் கருவியாமோ?

துன்பமுற்ற ஒருவரை எதிரே இருத்தி, அவர் கூறுவன அனைத்தையும் பொறுமையோடு கேட்டு, அவர் தம் நிலையைத் தாமே உணர்ந்து தேறுதற்கு உடனிருந்து உதவுந் தொழில் மேனாடுகளிற் கவுன்சலிங் எனப் பெயர் பெற்று வளர்ந்துள்ளது. தமிழ்நாட்டார் இதனை ஆற்றுப்படுத்தல் என்றும், ஈழநாட்டார் உளவளத்துணை என்றும் வழங்குகின்றனர். இத்தொழிலுடையார் சென்ற நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கிச் சமயத்தையும் வழிபாட்டையும் துன்புற்றார்க்குரிய 'வளம்' ஒன்றாக வைத்து ஆராய்ந்து வருகின்றனர். மருந்து, உறக்கம், சுற்றத்தார் துணை, பொருள் வசதி என எண்ணப்படும் வளங்களின் வரிசையில் இறைவனும் ஒருவனாக வைக்கப்பட்டமை சைவ நன்மக்கள் நின்று நோக்குதற்குரியது. இத்துறையில் முதன்மை பெற்றவராகிய கென்னத் பார்கமெண்ட் என்னும் அமெரிக்க உளநூலாரின் கொள்கை ஈண்டுச் சித்தாந்த நோக்கால் ஆராயப்படுகின்றது.

இக்கொள்கை முளைத்த நிலம் எத்தகையது என்பதை முன்னர் அறிதல் வேண்டும். வில்லியம் ஜேம்ஸ் என்பார் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், சமய அனுபவத்தை அது தோன்றிய மூலங்கொண்டு மதியாது, அது வாழ்க்கையில் விளைக்கும் பயன்கொண்டு மதித்தல் வேண்டும் என வாதித்தார். பிராய்டு 1927இல் வெளியிட்ட நூலிற் சமயத்தை மக்களது ஆற்றாமையும் விருப்பமும் படைத்துக்கொண்ட மயக்கம் என்று ஒதுக்கினார். உளமருத்துவர் பலர் நெடுங்காலம் பின்னவர் வழியே நின்றனர். 1980இல் ஆலன் பெர்கின் என்பார், உளமருத்துவத்திற் சமய விழுமியங்களுக்கு இடமளித்தல் வேண்டும் என ஒரு கட்டுரை எழுத, ஆல்பர்ட் எல்லிஸ் அவ்வாண்டிலேயே மறுப்பெழுதினார். 1994இல் அமெரிக்க உளநோய் மருத்துவர் சங்கம் தன் நோய்க்கோவையின் நான்காம் பதிப்பிற் சமயம் பற்றிய இடர்ப்பாட்டை, நோயெனக் கொள்ளாது, கவனித்தற்குரிய தனியொரு பொருளாகச் சேர்த்துக்கொண்டது. பிராய்டின் பகை நீங்கியது என மகிழ்வாருளர். நீங்கியது உண்மையே. ஆயின் அவ்விடத்தில் வந்தமர்ந்தது ஜேம்ஸின் பயன்நோக்கு. பகைவனைக் காட்டிலும் பயன் கருதி வரும் நண்பனிடத்து மிகுதியும் விழிப்பு வேண்டும்.

பிறர்மதத்தை அவர் கூறியவாறே கூறிப் பின்னர் ஆராய்தல் அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்துட் காட்டிய நெறி. அந்நெறியே பற்றிப் பார்கமெண்டின் கொள்கை சுருங்கக் கூறப்படும். அவர் ஒகையோ மாநிலத்துப் பௌலிங் கிரீன் அரசுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்தவர். 1988இல் தம் மாணாக்கருடன் எழுதிய கட்டுரையில், இடர் வந்துழிச் சமயத்தார் மூவகையாக ஒழுகுவர் என்றார். இறைவன் தந்த அறிவைக்கொண்டு தாமே முயல்வார் ஒருவகையினர். யாவற்றையும் இறைவன்பாற் போகட்டுத் தாம் வாளாவிருப்பார் மற்றொரு வகையினர். இறைவனும் தாமும் கூடித் தொழிற்படுவதாக எண்ணி முயல்வார் மூன்றாம் வகையினர். இம்மூன்றனுள் இறுதியிற் கூறிய கூட்டுநெறியே உளவலிமையோடு பெரிதும் இயைந்து காணப்படுகின்றதென்பது அவர் கண்ட முடிவு. 1997இற் சமயமும் துன்பத்தை எதிர்கொள்ளலும் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 2000ஆம் ஆண்டிற் பிறரோடு சேர்ந்து அளவுகோலொன்று வகுத்தார். அதன் சுருக்கம் 14 கூற்றுக்களையுடையது. அவற்றுள் 7 நலந்தரும் சமயவொழுக்கம் எனவும், 7 தீங்குதரும் சமயப் பிணக்கு எனவும் பகுக்கப்பட்டன.

இவரது ஆராய்ச்சியில் மிகுதியும் பேசப்பட்டது 2001இல் வெளிவந்தது. வடகரோலினா மாநிலத்து மருத்துவமனைகளில் இருந்த, 55 வயதும் அதற்கு மேலும் உடைய 596 நோயாளரை ஈராண்டு தொடர்ந்து நோக்கினர். இறைவன் தம்மைக் கைவிட்டனனோ என ஐயுற்றாரும், அவன் தம்பாற் கொண்ட அன்பை ஐயுற்றாரும், இந்நோய் அலகையின் செயலென முடிவு செய்தாரும், ஏனையோரினும் 100க்கு 19 முதல் 28 வரை மிகுதியான இறப்பிடருக்கு உட்பட்டனர். உடல்நிலை, உளநிலை முதலிய வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்ட பின்னரும் இத்தொடர்பு நின்றது. இது தொடர்பேயன்றிக் காரண காரிய முடிபு அன்று. எனினும் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதும் அன்று.

பார்கமெண்டின்பாற் பாராட்டத்தக்கது யாதெனின், சமயம் என்ற அளவானே அது நலம் என அவர் கொள்ளாமையாம். சமயத்தைப் புகழப் புகுந்தோர் பலர் அதன் நற்பயனை மட்டும் எண்ணிக் காட்டினர். இவரோ, ஒருவனது நம்பிக்கை அவனுக்கே புண்ணாகுமாற்றையும் எண்ணினார். கோயிலும் திருநீறும் உடையராயிருந்தும் உள்ளே 'அவன் என்னை விட்டுவிட்டான்' என்று உருகிக் கிடப்பாரை அறியாத சைவர் இலர். அவரை அளந்தறிய முற்பட்ட நூல் சமயத்துக்குப் பகைநூல் ஆகாது.

இனித் தடை எங்கே தோன்றுகிறதெனின், 'வளம்' என்னும் சொல்லிலேயே தோன்றுகிறது. வளம் என்பது ஒரு பயனுக்குக் கருவியாவது. கருவி பயனினும் தாழ்ந்தது. பயன் கிட்டியவழிக் கருவியைக் கீழே வைத்துவிடுதல் உலகவழக்கு. உளத்தின் அமைதி பயனென்றும், இறைவன் அதற்குக் கருவியென்றும் கொள்வார்க்கு, வேறொரு கருவியால் அவ்வமைதி எளிதிற் கிட்டுமாயின் இறைவன் வேண்டாதவன் ஆவன். சித்தாந்தத்திற் சாதனமும் பயனும் என இரண்டு இயல்கள் பிரித்து வைக்கப்பட்டன. பயனியலில் வைக்கப்பட்டது சிவப்பேறு. அதனைச் சாதனவியலிற் கொண்டுவந்து, உறக்கம் வருதற்கும் குருதியழுத்தம் தணிதற்கும் ஏவற்படுத்துதல் நூலைத் தலைகீழாக ஓதுதலை ஒக்கும்.

பார்கமெண்ட் இத்தடையை அறியாதவர் அல்லர். சமயம் வழியும் ஆகும், முடிபும் ஆகும் என அவர் வற்புறுத்தியுள்ளார். புனிதமானதோடு இயைந்த வழிகளிற் பொருளுடைமையைத் தேடுவதே சமயம் என்பது அவர் 1997இல் வகுத்த இலக்கணத்தின் கருத்து. இவ்விலக்கணம் பிராய்டினும் ஜேம்ஸினும் உயர்ந்ததே. ஆயினும் ஆண்டுத் தேடுவோன் உயிரே. தேடப்படுவது யாதென வகுப்பவனும் அவ்வுயிரே. தேடப்படும் பொருள் தானே தேடி வந்து ஆட்கொள்ளும் என்பதற்கு அவ்விலக்கணத்துள் இடமில்லை.

கருவியாகக் கொண்ட சமயம் கருவியாகவும் சிறவாது என்பதை மேனாட்டு உளநூலாரே கண்டனர் என்பது வியப்புக்குரியது. கார்டன் ஆல்போர்ட், மைக்கேல் ராஸ் என்னும் இருவர் 1967இல், சமயத்தைப் பிறபயன் கருதிக் கைக்கொள்வாரையும், சமயத்தையே வாழ்வாகக் கொள்வாரையும் வேறு பிரித்து ஆராய்ந்தனர். அவர் எடுத்துக்கொண்ட பொருள் இனவெறுப்பு. பயன் கருதுவார் பின்னவரினும் மிகுதியாக அவ்வெறுப்புடையராகக் காணப்பட்டனர். கள்ளுண்டு கெட்டார் 1935இல் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரிற் கூடித் தொடங்கிய கூட்டமும் இதற்குச் சான்றாம். 1939இல் அவர் வெளியிட்ட 12 படிகளுள் முதலாவது, தம் வலிமையால் இதனைக் கடக்கவியலாது என ஒப்புதல். இறைவனை ஒரு கருவியாகக் கையிற் பற்றுவது அன்று அது. பற்றும் கை தளர்ந்தது என்று ஒப்புக்கொள்வது.

'அங்ஙனமாயின் இடர் தீரவேண்டி இறைவனை அடைவாரைச் சைவம் விலக்குமோ? சூலை நோய் நீங்கவேண்டி அன்றோ திருநாவுக்கரசர் திருவதிகை புக்கார்?' எனின், நன்று வினவினீர். விலக்காது. இத்தடைக்கு விடை கூறுதற்கு மெய்கண்டார் பிறப்பைப் பற்றி வழங்கும் வரலாறே போதியது. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். பண்டிதர் தேவாரத் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தனர். திருவெண்காட்டுப் பதிகம் ஒன்று எழுந்தது. களப்பாளர் மனைவியோடு அப்பதி சென்று வழிபட்டு மகவு பெற்றார். இதனைக் காட்டிலும் தெளிவாகச் சமயத்தை வளமாகக் கொண்டு ஆற்றுப்படுத்தியது வேறு யாது? குறையுற்றார் வந்தார், கேட்டவர் திருமுறையை எடுத்தார், வழி காட்டினார், குறை தீர்ந்தது. இன்றைய ஆற்றுப்படுத்துநர் கணக்கில் இவ்வளவோடு ஏடு மூடப்படும்.

ஆனால் வரலாறு அவ்விடத்தில் முடியவில்லை. பிறந்த மகவு சுவேதவனப் பெருமாள் என்னும் பெயருடன் வளர்ந்து, பரஞ்சோதி முனிவரால் உண்மை உணர்த்தப்பெற்று மெய்கண்டார் ஆனார். குலகுருவான பண்டிதர் அப்பிள்ளையின் முன் தம் செருக்கு அழிந்து மாணாக்கராகி அருணந்தி சிவாசாரியார் ஆனார். பிறர்க்கு வழிகாட்டியவர் தாமே வழிகாட்டப்பட்டார். கருவியென எடுத்தது எடுத்தவரை ஆட்கொண்டது. குறைவேண்டி வருவார் குறைவேண்டியே வருக. காமியம் என்று சைவநூல்கள் அதனைக் கீழ்ப்படியில் வைத்தனவேயன்றி வாயிலை அடைக்கவில்லை. நாவுக்கரசர்க்கும் சூலை தீர்ந்தபின் திருத்தொண்டே வாழ்நாள் முழுதும் நின்றது. ஆகவே குற்றம் துன்புற்றுக் கோயிலை அடைவானது அன்று. அவனைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டுத் துன்பம் தணிந்த அளவை மட்டும் ஏட்டிற் குறித்து, அதுவே கோயிலின் பயன் என முடிவு கட்டுவானது குற்றம். ஆற்றுப்படை என்னும் தொன்னூல் வகையிற் பரிசில் பெற்றான் பெறாதானுக்கு வள்ளலிருக்கும் திசையைக் காட்டுவான். வள்ளலைத் தன் பையுள் வைத்து எடுத்துக் கொடுப்பதாக எவனும் சொல்லான். முருகாற்றுப்படை திருமுறையுள் இடம்பெற்றதும் இவ்வமைதி பற்றிப் பொருந்துவதாம். இத்தொழிலுக்கு ஆற்றுப்படுத்தல் எனப் பெயரிட்டார் இதனை எண்ணி இட்டனரோ அன்றோ, பெயர் நன்கமைந்தது.

இனி மூவகை நெறியை ஆராய்வாம். கூட்டுநெறி சிறந்ததென்றது சித்தாந்தத்தோடு ஒருபுடை ஒக்கும். இறைவன் உயிரோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்றலின், உயிர் தனித்து முயல்கின்றது என்பதும் இறைவன் தனித்து முடிக்கின்றான் என்பதும் இரண்டும் பிழையே. ஆயின் 'கூட்டு' என்னும்போது மேனாட்டார் உள்ளத்தில் தோன்றுவது இருவர் சேர்ந்து ஒரு சுமை தூக்குவது போன்றதொரு காட்சி. சித்தாந்தம் கூறுவது அதுவன்று. கண் பொருளைக் காணுங்கால் உயிர் அதனோடு நின்று காட்டவும் காணவும் வேண்டும். அங்ஙனமே உயிர் அறியுங்கால் இறைவன் உடனின்று காட்டியும் கண்டும் உதவுவன். சிவஞான போதம் பதினொராம் சூத்திரம் இவ்வுவமை பற்றியே நடக்கின்றது. கண்ணும் உயிரும் பாதி பாதியாகப் பங்கிட்டுக் காண்பதில்லை. தன் பங்கை நன்கு செய்தேன், இறைவன் தன் பங்கைச் செய்திலன் என்னும் முறையீடு கூட்டுநெறியிற் பிறக்கும். அத்துவித நெறியிற் பிறவாது. மகவை இழந்த தாய்க்கு இவ்வேறுபாடு நூல்வழக்கு மட்டும் அன்று.

இறைவன்பாற் போகட்டு வாளாவிருத்தலை இறைபணி நிற்றல் எனச் சைவருட் சிலர் மயங்குவர். பத்தாஞ் சூத்திரத்துக் கூறிய இறைபணி நிற்றலுக்கு முன் தற்போதம் கழலுதல் வேண்டும். தற்போதம் முற்றும் இருக்க, முயற்சியை மட்டும் கைவிட்டு, 'எல்லாம் சிவன் செயல்' என்பான் கைவிட்டது யான் என்னும் செருக்கை அன்று, கடமையை. இவனைப் பார்கமெண்ட் குறைகூறியது தக்கதே. ஆயின் தற்போதம் கழன்று நிற்பானும் இவனும் அவரது அளவுகோலில் ஒரே கட்டத்தில் வந்து விழுவர். இருவரும் ஒரே சொல்லைச் சொல்வராகலின், சொல்லை எண்ணும் அளவுகோல் பொருளைப் பிரிக்கமாட்டாது.

இதனினும் பெரிய முரண் ஒறுத்தல் பற்றியது. பிணக்கெனப் பகுக்கப்பட்ட ஏழனுள் இரண்டு, இறைவன் தன்னை ஒறுக்கின்றான் என்னும் எண்ணம் பற்றியவை. நலமெனப் பகுக்கப்பட்டவற்றுள் ஒன்று, இவ்விடரின் வாயிலாக இறைவன் தன்னை வலிமையுறச் செய்கின்றான் எனக் காண முயல்வது. சித்தாந்திக்கு இவை இரண்டும் வேறல்ல. அறக்கருணையும் மறக்கருணையும் ஒரே அருளின் இருமுகங்கள். சொற்கேளாத மகனைப் பெற்றோர் அடித்துத் திருத்துதலை சித்தியார் சுபக்கம் உவமையாகக் காட்டி, ஒறுத்தலும் அன்பே என நிறுவும். எனவே ஒரு சைவ முதியவர் 'இறைவன் ஒறுக்கின்றான்' எனும் கூற்றுக்கு ஆம் என விடையளிப்பின், அவ்விடை கைப்பினால் வந்ததோ கனிவினால் வந்ததோ என அறியாமலே அவர் தீங்குப் பக்கத்தில் எழுதப்படுவர். அளவுகோல் வகுக்கப்பட்டது பெரும்பாலும் கிறித்தவரிடையே. ஆண்டும் தந்தையின் ஒறுப்பை அன்பெனக் கொள்ளும் மரபு உண்டு. ஆகலின் இக்குறை சமயவேறுபாட்டால் மட்டும் வந்ததன்று.

இந்துக்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்பதை இவ்வாராய்ச்சியாளரே உணர்ந்தனர். 2003இல் நளினி தாரகேசுவர் என்பார், பார்கமெண்ட், மஹோனி என்னும் இருவருடன், அமெரிக்காவில் வாழும் இந்துக்களிடையே ஆராய்ந்து ஒன்று வகுத்தார். அதிற் கடவுளை நோக்கிய ஒழுக்கம், ஆன்மநெறியை நோக்கிய ஒழுக்கம், குற்றவுணர்வும் சினமும் செயலறுதலும் கூடியது என மூன்று பகுதிகள் பிரிந்தன. முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் மூன்றாம் பகுதியில் இறைவன்பாற் சினமும் செயலற்றிருத்தலும் ஒருங்கு கட்டப்பட்டமை ஆராய்தற்குரியது. சினந்தவன் செயலற்றவனோ? வன்தொண்டர் வரலாற்றைப் படித்தார் அங்ஙனம் கூறார். சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துத் திருவொற்றியூரை நீங்கிய சுந்தரர் கண்ணொளி இழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார். இவ்வழி முழுதும் அவர் இறைவனை முறையிட்டும் இடித்தும் பாடியே சென்றார். குருடராய்ச் சினத்தோடு நடந்தார், ஆயின் நடந்தார். பதிதோறும் நின்று அவனோடு பேசினார். அவரை மேற்கூறிய 14 கூற்றுக்களின் முன் இருத்தின், இறைவன் அன்பை ஐயுற்றாரோ என்பதற்கும் ஒறுக்கப்பட்டதாக எண்ணினாரோ என்பதற்கும் ஆம் என்றே குறிக்கவேண்டும். இறைவனோடு மிக நெருங்கிய உறவைத் தேடினாரோ என்பதற்கும் ஆம் என்றே குறிக்கவேண்டும். தோழமை நெறியிற் பிணக்கு உறவின் முறிவன்று. ஊடல் கூடலின் உறுப்பாதல் போல்வது.

இவ்வளவும் மேனாட்டார் கொள்கைமேற் கூறப்பட்டது. அவ்வாராய்ச்சியிலிருந்து சைவர் கற்கவேண்டியதும் ஒன்றுண்டு. இழவு நேர்ந்த வீட்டிற் புகுந்து, 'உன் வினை, நீ அனுபவிக்கின்றாய்' என்று சொல்லித் திருநீற்றையும் கொடுத்துத் திரும்பும் வழக்கம் சைவருட் பலர்க்கு உண்டு. சொன்னது சித்தாந்தம் என அவர் எண்ணுவர். மருத்துவமனைக் கட்டிலிற் கிடப்பவர்க்கு அச்சொல், இறைவன் என்னைக் கைவிட்டான் என்னும் எண்ணத்தை அன்றோ ஊன்றுவது? அவ்வெண்ணம் எவ்வளவு கொடிதென்பதை 2001ஆம் ஆண்டு ஆராய்ச்சி காட்டிற்று.

அது சித்தாந்தமும் அன்று. கன்மம் சடமாகலின் தானே சென்று பயன் தராது. அறிந்து ஊட்டுவான் இறைவன். ஊட்டுதல் மலம் பக்குவமாதற் பொருட்டு. எனவே 'வினை' என்று சொல்லி இறைவனைச் சொல்லாது விடுவான், மருந்தின் கைப்பை மட்டும் கூறி மருத்துவன் அருகிருத்தலை மறைப்பவன். மேலும் இவ்விடர் எவ்வினையின் பயன் என ஒருவன் பிறனுக்கு வகுத்துக் கூறுதற்கு உரிமை யாது? தன் சஞ்சிதத்தையே அறியாதான் பிறன் பிராரத்தத்துக்குக் கணக்கெழுதுகின்றான். வினைக்கொள்கை தன்னைக் குறித்து எண்ணுங்காற் பொறுமையைத் தரும். பிறனைக் குறித்து எடுத்தோதுங்காற் பெரும்பாலும் ஓதுவானது அச்சத்தை மறைக்கும். ஜான் வெல்வுட் என்பார் 1984இல் இத்தகையதொரு மயக்கத்துக்குத் தனிப்பெயர் கொடுத்தார். உள்ளத்துப் புண்ணை ஆற்றாமல், மெய்ந்நெறிச் சொற்களாற் பாலமிட்டு அதனைக் கடந்து செல்வதே அவர் குறித்தது. அவர் பேசியது புத்தநெறியைக் கைக்கொண்ட அமெரிக்கரைப் பற்றி. சைவருட் சிலர்க்கும் அச்சட்டை அளவெடுத்துத் தைத்ததுபோற் பொருந்துகின்றது.

ஆற்றுப்படுத்துநர் குரு ஆவரோ என்பது எஞ்சிய வினா. ஆகார். சகலர்க்கு இறைவனே குருவடிவங்கொண்டு வந்து உணர்த்துவன் என்பது எட்டாஞ் சூத்திரத்துக் கருத்து. வேடரிடை வளர்ந்த அரசகுமரனுக்கு 'நீ வேடனல்லை' என உணர்த்துவது குருவின் தொழில். அச்சமின்றி உறங்கவும், உண்ணவும், மனைவிமக்களோடு பேசவும் அவனைப் பழக்குவது ஆற்றுப்படுத்துநர் தொழில். இரண்டாவது இழிந்ததன்று. உறக்கமின்றித் தவிப்பானுக்கு உபதேசம் ஏறாது. இவ்வெல்லையை மேனாட்டாரே ஒருவாறு வகுத்துக்கொண்டனர். அமெரிக்க ஆற்றுப்படுத்துநர் சங்கத்தின் சமயப்பிரிவு 2009இல் திருத்தி வெளியிட்ட தகுதிகளுள், வந்தவரது சமயத்தைப் பற்றித் தம் அறிவின் எல்லையை உணர்தலும், வேண்டியவிடத்து அச்சமயத் தலைவர்பால் அனுப்புதலும் கூறப்பட்டன. சைவத்தில் அங்ஙனம் அனுப்பப்படுவாரை ஏற்றுப் பொறுமையோடு கேட்கத்தக்க சைவப் பெரியார் எத்துணையர் என்பது வேறு வினா. அதனை ஆதீனங்களும் சைவ சபைகளும் எண்ணுதல் தகும்.

கோச்சிங் என்னும் பயிற்றுநர் தொழிலைப் பற்றி மிகுதியும் கூறவேண்டுவதில்லை. 1995இல் அதற்கு அமெரிக்காவிற் பேரவை ஒன்று தோன்றியது. ஜான் விட்மோர் 1992இல் எழுதிய நூலாற் பரவிய முறையில், முதற்கண் வந்தவர் தமக்கொரு இலக்கு வகுத்துக்கொள்வர். ஏனையவெல்லாம் அவ்விலக்கை நோக்கி நடக்கும். வாணிகத்தில் உயர்தற்கும் அலுவலில் ஓங்குதற்கும் அது உதவுக. அவ்விலக்குக்குத் தியானத்தையும் மந்திரத்தையும் துணைசேர்க்கும்போது, ஆசையை அறுக்கும் வாளை ஆசைக்குச் சாணை பிடிக்கக் கொடுத்ததாகும். ஆற்றுப்படுத்துநர்பால் வருவான் துன்பத்தால் ஓரளவு தற்போதம் தளர்ந்தே வருகிறான். பயிற்றுநர்பால் வருவானுக்கு அத்தளர்வும் இல்லை.

எனவே சைவரிடையே ஆற்றுப்படுத்துவார் பார்கமெண்டின் அளவுகோலை எடுத்தெறிய வேண்டுவதில்லை. அது காணாததொன்றைக் கண்டு சேர்த்துக்கொண்டால் அமையும். அவரது பிணக்குக் கூற்றுக்களுள் இறைவனைப் பற்றியன அவனைப் படர்க்கையில் வைத்துப் பேசுவன. 'அவன் கைவிட்டானோ', 'அவனுக்கு அன்புண்டோ' என்பன போல்வன. சுந்தரர் பிணங்கியது முன்னிலையில். கைவிட்டான் எனப் பிறரிடம் சொல்லிச் சோர்ந்து கிடப்பானுக்கும், கைவிட்டனையோ என அவனையே வினவுவானுக்கும் சொல் ஒன்று, இடம் வேறு. முன்னவன் உறவை இழந்தான். பின்னவன் உறவிற்குள் நின்றே வழக்காடுகின்றான். முன்னவனுக்கு அமைதி கூறுவதினும் பேச்சைத் திருப்பிவிடுதல் நன்று. கட்டிலருகில் அமர்ந்த ஒருவர் அம்முதியவரை, 'இதனை நீங்கள் அவனிடமே சொன்னீர்களா?' என ஒருமுறை கேட்கலாம். கேட்டபின் விடைக்கு விரையாது சிறிது பொழுது வாளா இருக்கலாம்.